முப்பது ரூவா

கிலோ முப்பது.
அப்படித்தான் பேச்சு, ஏழு வருசமாக.
சித்திரையில் வெள்ளகோவில் கமிட்டியில்
மூன்று ரூபாய்க்கும் சீந்துவாரில்லாமல் காய் கிடக்கையில்
கிட்டுசாமி அண்ணனுக்கு நான் முப்பது கொடுப்பேன்.
கார்த்திகை மழையில் பூவெல்லாம் கொட்டி
முருங்கைக்காய் வளையல் விலைக்கு ஏறும்போதும்
அவர் முப்பதுக்கே தருவார்.
எழுதிக்கொண்டதில்லை.
ஒருநாள் சாம்பார் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே
"சரிங்களா?" என்றார்.
"சரிங்" என்றேன்.

லக்கமநாயக்கன்பட்டி மேட்டில் அவருக்கு மூன்று ஏக்கர்,
ஆயிரத்து இருநூறு அடியில் இருமுகிற ஒரு போர்.
எனக்கு முத்தூர் ரோட்டில், எண்ணெய் மில்லுக்கு எதிரே,
எட்டுப் பேர் உட்கார்ந்தால்
ஒன்பதாமவர் நிற்கவேண்டிய கடை.
சோறு வடிப்பது வீட்டுக்காரர்;
குழம்பும் கல்லாவும் நான்.
மூட்டை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள்,
தூக்குப்போசியோடு வரும் பேங்க் அம்மா,
யாராயிருந்தாலும் இலைக்கு மூன்று துண்டு.
எண்ணுவார்கள்.
பருப்பு நீர்த்தால் பொறுப்பார்கள்,
துண்டு குறைந்தால் தலை நிமிரும்.

போன கார்த்திகையில்
விடியக்காலம் அந்த எக்ஸெல் வண்டிச் சத்தம் வரவில்லை.
மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் தேங்காய் போடுகிற பையன் சொன்னான்:
கேரளா லாரி தோட்டத்துக்கே வந்துவிட்டதாம்.
இருநூற்றெண்பது. கையில் காசு.

நான் முள்ளங்கி போட்டேன்.
"ஏனுங்கக்கா, முருங்கை லீவுங்களா?"
பழனாச்சலம் கேட்க, கடையே சிரித்தது.
நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்
கழுவின கரண்டியை மறுபடி கழுவினேன்.
இருநூற்றெண்பதில் முப்பதைக் கழித்து
பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன்.
நானாயிருந்தாலும் ஏற்றிவிட்டிருப்பேன்.
அது தெரிந்ததுதான் இன்னும் எரிந்தது.

ஒன்பது நாள்.
பத்தாம் நாள் சளி பிடித்த குரலோடு
வண்டி வந்து நின்றது.
ஈரச் சாக்கில் பன்னிரண்டு கிலோ.
"புள்ளைக்குக் காலேஜ் பீஸுங்க" என்பார் என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.
மழை, பூச்சி, ஒன்றும் சொல்லவில்லை.
தராசைப் பார்த்தார். நான் முப்பதால் பெருக்கினேன்.
முந்நூற்றறுபதை எண்ணாமல் பையில் வைத்து
வழக்கம்போல டீயை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார்.
கிளாஸை வைத்துத் திரும்பும்போது சொன்னேன்:
"டீ பன்னண்டு ரூவா."

ஏழு வருசத்தில் அவரிடம்
ஒரு டீக்கும் காசு வாங்கியதில்லை.
வடிதட்டும் கையுமாக வீட்டுக்காரர்
ஆவிக்குள்ளேயே நின்றுவிட்டார்.
கிட்டுசாமி அண்ணன் சட்டைப்பையைத் துழாவி
ஒரு பத்து ரூபாய்த் தாள், ஒரு ரெண்டு ரூபாய்க் காசு,
கல்லாமேல் வைத்தார்.
"சக்கரை கொஞ்சம் தூக்கலுங்" என்றார்.
வண்டியை உதைத்தார். மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.

அடுத்த நாள் சர்க்கரையைக் குறைத்தேன்.
காசு கேட்கவில்லை.

இப்போது சித்திரை.
கமிட்டி வாசலில் காய் கொட்டிக் கிடக்கிறது,
மாடு மோந்து பார்த்துவிட்டு நடக்கிறது.
இன்று காலை சாக்கைத் தராசில் ஏற்றிவிட்டு
பேனா பிடித்த என் கை நின்றது.
மூன்று ரூபாய்.
கேஸ் சிலிண்டருக்கு இன்னும் பணம் கட்டவில்லை.
ஓசையில்லாத ஒரு லாரி
என் வாசலிலும் வந்து நின்றுகொண்டிருந்தது.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
டீயில் மிதந்த ஏட்டை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.
எவ்வளவு நேரம் ஒதுக்குவார் ஒரு மனுசன், ஓர் ஏட்டை?

முப்பது என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணல்.

மத்தியானம் பழனாச்சலம்
இலையோரம் சக்கைகளை அடுக்கி எண்ணிவிட்டு
குறை சொல்கிற குரலில் கூப்பிடுகிறார்:
"அக்கா, இன்னைக்கு அஞ்சு உளுந்திருக்குதுங்."